அறைக்கு அளவெடுத்த பெட்டி

ஸ்பீக்கர் பெட்டியைச் சொந்தமாகச் செய்து பார்க்கலாமா என்று கேட்கிறவர்கள் அடுத்த மூச்சிலேயே, "எந்த ட்ரைவர் வாங்கலாம்?" என்பார்கள். நான் திருப்பிக் கேட்பேன்: பாட்டுக் கேட்கப்போகிற அறை எத்தனைக்கு எத்தனை? பெட்டியைச் சுவரை ஒட்டி வைப்பீர்களா, நடு அறைக்கு இழுத்து வைக்க வீட்டில் விடுவார்களா? இந்தக் கேள்வி பலருக்குப் பிடிப்பதில்லை. ட்ரைவர், அதாவது ஒலியை எழுப்பும் கூம்பும் காந்தமும் சேர்ந்த பாகம், படத்தில் பார்க்க அழகாக இருக்கும். அறையின் அளவில் பார்த்து ரசிக்க என்ன இருக்கிறது?

ஆனால் கடையில் விற்கும் ஸ்பீக்கரைவிட வீட்டில் செய்ததற்கு ஒரு சாதகம் உண்டென்றால் அது இங்கேதான் இருக்கிறது. கம்பெனிக்காரர் நம் அறையைப் பார்த்ததில்லை. எல்லா அறைக்கும் ஏதோ ஒரு மாதிரி ஒத்துப்போகிற பெட்டியைத்தான் அவரால் செய்ய முடியும். நமக்கு நம் அறை தெரியும். அந்த ஒரு தகவலைப் பயன்படுத்தாமல் பலகை அறுப்பதென்றால், பேசாமல் கடையிலேயே வாங்கிவிடலாம். இந்தப் பதிவு ஒற்றை ட்ரைவர் பெட்டியைப் பற்றி. பெங்களூர் காக்ஸ் டவுனில் நான் இருக்கும் வாடகை வீட்டின் முன்னறைக்காகக் கணக்குப் போட்டுச் செய்தது.

ஏன் ஒன்றே ஒன்று?

சாதாரண ஸ்பீக்கரில் கீழே பெரிய வூஃபர், மேலே சின்ன ட்வீட்டர். இரண்டுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். அந்தப் பிரிவு பெரும்பாலும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸுக்குள் விழும். நம் காது மிகக் கூர்மையாக இருக்கும் இடமும் ஏறக்குறைய அதேதான். ஒரே பாடகரின் குரல் பாதி கீழிருந்தும் பாதி மேலிருந்தும் வந்து சேர வேண்டும். நன்றாகச் செய்தால் சேரும். நன்றாகச் செய்வதற்கு அளவிடும் மைக், பல காயில்கள், நிறையப் பொறுமை எல்லாம் வேண்டும்.

ஒற்றை ட்ரைவரில் அந்த வெட்டே கிடையாது. குரல் ஒரு புள்ளியிலிருந்து வருகிறது. பதிலுக்கு அடித்தளத்தில் கொஞ்சம், உச்சியில் கொஞ்சம், சத்தத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். 4 அங்குல ட்ரைவரில் அசையும் கூம்பின் விட்டம் சுமார் 8 சென்டிமீட்டர். 4,300 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளமும் 8 சென்டிமீட்டர்தான். அதற்கு மேல் போகப்போக ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டும் பாயும். ஆகவே உட்காரும் இடத்தைப் பார்த்துப் பெட்டியைத் திருப்பி வைக்க வேண்டும், இல்லையென்றால் தாளத்தின் ஓசை மங்கிவிடும். கல்யாண வீட்டுக்கு இது லாயக்கில்லை. ஓர் ஆள், ஒரு நாற்காலி, ஒரு கச்சேரி என்றால் சரியான பொருத்தம்.

நாம் ஏற்கெனவே செய்தவைதான்

ஒற்றை ட்ரைவர் என்றதும் இது ஏதோ ஜப்பான்காரர்களின் பைத்தியம் என்று நினைக்க வேண்டாம். நம் தாத்தா காலத்து வால்வு ரேடியோவில் இருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். மரப்பெட்டி, பின்பக்கம் துளை போட்ட அட்டை. மர்ஃபியோ பிலிப்ஸோ எதுவாக இருந்தாலும் அமைப்பு அதுதான். கூடத்து மூலையில் ஸ்டாண்டு போட்டு வைப்பார்கள். பின்பக்கம் திறந்த பெட்டிக்கு அடித்தளம் குறைவு. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் சேர்ந்து அதைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். தாத்தா அதை எந்தக் கணக்குப் போட்டும் வைக்கவில்லை. இடம் அங்கேதான் இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்தது பானை. டேப் ரெக்கார்டர் காலத்தில் தமிழ்நாட்டு டீக்கடைகளிலும் ஹாஸ்டல் அறைகளிலும் மண்பானையில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுக் கேட்டவர்கள் ஏராளம். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதில் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் இருந்த ஹாரி ஓல்சன், ஒரே ட்ரைவரை வெவ்வேறு வடிவப் பெட்டிகளில் பொருத்தி அளந்து 1951-இல் முடிவுகளை வெளியிட்டார். கனசதுரம், உருளை, கூம்பு, கோளம் என்று பல வடிவங்கள். அவற்றில் மிகச் சீரான ஒலி வந்தது கோளத்தில். பெட்டியின் கூர்மையான விளிம்பில் மோதி ஒலி சிதறுவதுதான் மற்ற வடிவங்களின் தொல்லை, கோளத்தில் விளிம்பே இல்லை. பானையும் ஏறக்குறைய அப்படித்தான். எதிரெதிர்ச் சுவர்கள் இல்லை, வளைந்த சுடுமண் லேசில் அதிராது. கழுத்து மட்டும் கொஞ்சம் கெடுக்கும். டீக்கடைக்காரர் ஓல்சனைப் படிக்கவில்லை, காதால் கண்டுபிடித்தார்.

உலகத்தில் இதன் வரலாறும் நீளமானது. இன்று நாம் பயன்படுத்தும் கூம்பு ஸ்பீக்கரின் அடிப்படையை 1925-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ரைஸும் கெல்லாக்கும் எழுதி வைத்தார்கள். 1930-களில் லண்டனில் பால் வாய்ட், பெரிய கூம்புக்குள் சின்னக் கூம்பு ஒன்றை ஒட்டி உச்ச ஒலியையும் அதே ட்ரைவரில் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்தவை லோத்தர் ட்ரைவர்கள். ஜப்பானில் ஃபாஸ்டெக்ஸின் எஃப்.இ. 103 என்ற 4 அங்குல ட்ரைவர் 1964-இல் வந்து, மாற்றங்களோடு இன்றும் விற்கிறது. தெட்சுவோ நாகவோக்கா என்ற விமர்சகர் இந்த மாதிரி ட்ரைவர்களுக்காக எண்ணற்ற பெட்டி வரைபடங்களை வெளியிட்டு, ஒரு தலைமுறை ஜப்பானியரையே ரம்பம் எடுக்க வைத்தார்.

நம் பக்கத்தில் கொச்சியில் இருக்கிறது ரீதம் நிறுவனம். அதைத் தொடங்கிய ஜேக்கப் ஜார்ஜ் தொழிலால் கட்டடக் கலைஞர். முதலில் லோத்தர் ட்ரைவரை வைத்துப் பெட்டிகளை வடிவமைத்தார். பிறகு சொந்த ட்ரைவருக்குப் போனார். அவருடைய பெரிய மாடல்களில் அடித்தளத்துக்கு மட்டும் தனியாக பேஸ் யூனிட் சேர்ந்துகொண்டது. கவனிக்க வேண்டியது அதுதான். ஒற்றை ட்ரைவரின் மேல் அவ்வளவு பிரியம் உள்ளவரே கீழ்ப்பகுதிக்கு வேறு ஆளை வைத்துவிட்டார். எங்கே விட்டுக்கொடுக்கலாம், எங்கே கூடாது என்பதுதான் முழு ஆட்டமும்.

அறை என்ன சொல்கிறது

காக்ஸ் டவுன் என்ற பெயர், கன்டோன்மென்ட் பகுதிக்குக் கலெக்டராக இருந்த அலெக்ஸாண்டர் ரேங்கன் காக்ஸின் பெயரால் வந்தது. மங்களூர் ஓடும், ஜன்னல் மேல் மரக் குல்லாய் வைத்த 'மங்கி டாப்' முகப்பும், அண்ணாந்து பார்க்கிற கூரையும் கொண்ட வீடுகள் இன்னும் ஒன்றிரண்டு மிச்சம். மற்றவை அபார்ட்மென்டுகளாகவும், ஒரு வீட்டை மூன்றாகப் பிரித்த வாடகைப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. என்னுடையது பின்னது. முன்னறை 12 அடிக்கு 10 அடி, உயரமும் 10 அடி.

இந்த மூன்று எண்களே பெட்டியின் பாதிக் கதையைச் சொல்லிவிடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி எந்த அலைவெண்ணில் நின்று கும்மென்று அடைக்கும் என்பதற்குச் சுலபக் கணக்கு ஒன்று உண்டு: ஒலியின் வேகம் 343-ஐ, மீட்டரில் அறை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 12 அடிக்கு 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ். என் அறையில் அகலமும் உயரமும் ஒன்றாகப் போனதால் 56-இல் இரட்டைக் கும்மல். பெரிய ஸ்பீக்கரைக் கொண்டுவந்து வைத்தால், பேஸ் கித்தார் அந்தச் சுரத்துக்கு வரும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி கூட வாசிக்கும். மற்றச் சுரங்களில் அமைதியாக இருக்கும்.

அப்படியென்றால் 70 ஹெர்ட்ஸ் பக்கத்திலேயே மெல்ல இறங்கிவிடுகிற சின்னப் பெட்டி இந்த அறைக்கு ஒரு வரம். அறை கும்முகிற இடத்தில் பெட்டி அதிகம் பேசாது. இங்கே இன்னொன்றும் உண்டு. பெங்களூர் ஈஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ரயில் போகும் உறுமலும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் சத்தமும் அடித்தளத்தை எப்படியும் மூடிவிடும். அந்த இடத்துக்காகப் பணம் செலவழிப்பது வீண்.

சரி, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதை இழக்கிறேன்? கணக்குப் பார்த்தேன். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு மத்திய ஸட்ஜமம் 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமம் 98. கச்சேரியில் குரல் அதற்குக் கீழே போவது அபூர்வம். பெண் குரலுக்கு இன்னும் நிறைய இடம் மிச்சம். வீணையை மூன்று கட்டையில் சுருதி சேர்த்தால் மந்தரத் தந்தி 82 ஹெர்ட்ஸ், அனுமந்தரத் தந்தி 62. அந்தக் கடைசித் தந்தியின் அடிநாதம் மட்டும் மெலிந்து வரும். ஆனால் தந்தியில் அடிநாதத்தோடு மேல்நாதங்கள் வரிசையாக ஒலிக்கின்றன. அவற்றை வைத்துக் காது கீழேயுள்ளதைத் தானே கட்டிக்கொள்ளும். இளையராஜாவின் பேஸ் கித்தார்? அதன் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ். மெட்டு தெளிவாகக் கேட்கும், நெஞ்சில் வந்து தட்டாது. தட்டியே தீர வேண்டும் என்பவர்கள் இந்தப் பதிவை இங்கேயே நிறுத்திவிட்டு ஒரு சப்வூஃபர் வாங்கலாம். குற்றமில்லை.

சுவர் தூரமும் முக்கியம். ட்ரைவரிலிருந்து பின்பக்கம் போகிற ஒலி சுவரில் மோதித் திரும்பி வரும்போது, குறிப்பிட்ட ஓர் அலைவெண்ணில் முன்னொலியை அடித்துவிடும். தூரம் 1 மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 86 ஹெர்ட்ஸில். மந்தர ஸ்தாயியின் வாசலிலேயே குழி. 30 சென்டிமீட்டர் என்றால் பள்ளம் 286-க்கு ஏறிவிடும். அங்கே பின்னால் ஒரு புத்தக அலமாரி இருந்தாலே ஓரளவு சமாளிக்கலாம். எனவே ட்ரைவருக்கும் சுவருக்கும் 30 சென்டிமீட்டர் என்று முடிவு. பெட்டியின் ஆழம் 22 சென்டிமீட்டர் வருமென்பதால் பின்னால் மிஞ்சுவது நாலு விரற்கடை. அப்போது, பெட்டிக்குள் இருக்கும் காற்று போய் வந்து அடித்தளத்துக்குத் துணைசெய்யும் காற்றுக் குழாய் பின்பலகையில் இருக்க முடியாது, முன்பலகைக்கு வந்தாக வேண்டும். ட்ரைவரே இன்னும் வாங்கவில்லை, அதற்குள் பெட்டியின் முகம் தீர்மானமாகிவிட்டது.

மூன்று எண்கள்

ஒவ்வொரு ட்ரைவருக்கும் ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் நமக்கு வேண்டியது மூன்று எண்கள். எஃப்.எஸ்.: கூம்பு தன்னியல்பாக ஆடும் அலைவெண். க்யூ.டி.எஸ்.: அந்த ஆட்டத்தைக் காந்தம் எவ்வளவு அடக்கி வைத்திருக்கிறது. வி.ஏ.எஸ்.: கூம்பின் விறைப்பு எத்தனை லிட்டர் காற்றின் விறைப்புக்குச் சமம். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கி, சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் முழுமையாக்கிய கணக்கு இது. அதற்கு முன்பு பெட்டி செய்தவர்கள் பெரும்பாலும் குத்துமதிப்பாகத்தான் செய்தார்கள்.

க்யூ.டி.எஸ்ஸைப் பார்த்தாலே பெட்டியின் சாதி தெரிந்துவிடும். 0.3-க்குக் கீழே என்றால் காந்தம் பலம். அது பின்கொம்புப் பெட்டி கேட்கும், அதாவது பின்னொலியை விரிந்துகொண்டே போகும் நீண்ட குழாய் வழியாக வெளியே விடும் பெட்டி. 0.3 முதல் 0.45 வரை காற்றுக் குழாய் வைத்த பெட்டி. 0.5-க்கு மேல் என்றால் மூடிய பெட்டியோ, கால் அலைநீளக் குழாய்ப் பெட்டியோ. 0.7-ஐத் தாண்டினால் பெட்டியே வேண்டாம், திறந்த பலகை போதும். பழைய ரேடியோக்களின் ஸ்பீக்கர் இந்தக் கடைசி ரகம்.

கணக்குப் புரிவதற்கு ஓர் உதாரணம். எஃப்.எஸ். 80, க்யூ.டி.எஸ். 0.4, வி.ஏ.எஸ். 8 லிட்டர் உள்ள 4 அங்குல ட்ரைவர் என்று வைத்துக்கொள்வோம். மூடிய பெட்டியில் சீரான ஒலி வேண்டுமென்றால் மூன்றே முக்கால் லிட்டர் போதும். ஆனால் 141 ஹெர்ட்ஸிலேயே இறங்கத் தொடங்கிவிடும், பாடகரின் ஸட்ஜமத்துக்கும் மேலே. அதே ட்ரைவருக்குச் சுமார் 8.7 லிட்டர் பெட்டி கொடுத்து, 76 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த காற்றுக் குழாய் வைத்தால், 75 ஹெர்ட்ஸ் வரை தாக்குப்பிடிக்கும். பெட்டி இரட்டிப்பானது, கீழே ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கூடுதலாகக் கிடைத்தது. என் அறை கேட்டதும் இதைத்தான்.

குழாய்க்கு ஹார்டுவேர் கடை பி.வி.சி. பைப்பே போதும். உள்விட்டம் 4.5 சென்டிமீட்டர் என்றால் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். முதலில் நீளமாகவே வெட்டிக்கொள்ளுங்கள். குறைக்கலாம், கூட்ட முடியாது.

பின்கொம்பு ஏன் வேண்டாம் என்று கேட்கலாம். படத்தில் பார்க்க மயக்கும், கேட்டாலும் மயக்கும். ஆனால் கால் அலைநீளக் கணக்கில் 50 ஹெர்ட்ஸுக்கு 1.7 மீட்டர் குழாய் வேண்டும். அதை மடித்து மடித்து உள்ளே வைத்தாலும் பீரோ உயரத்துக்கு வந்துவிடும். அவ்வளவு பாடுபட்டு 50 ஹெர்ட்ஸைக் கொண்டுவந்தால், என் அறை 47-இலும் 56-இலும் அதை வாங்கிக்கொண்டு கும்மும். பெரிய கூடம் உள்ளவர்கள் தாராளமாகச் செய்யட்டும்.

பலகை வேலை

உள்ளே 8.7 லிட்டர் காற்று வேண்டும். ட்ரைவரின் பின்பகுதி, குழாய், குறுக்குச் சட்டம் எல்லாம் இடம் பிடிக்கும் என்பதால் அரை லிட்டர் சேர்த்து 9.2 என்று வைத்துக்கொண்டேன். 18 மி.மீ. பலகையில் வெளி அகலம் 20 சென்டிமீட்டர் என்றால் உள் அகலம் 16.4. உள் உயரம் 30, உள் ஆழம் 18.7. மூன்றும் வெவ்வேறாக இருப்பது முக்கியம். கனசதுரமாகச் செய்தால் என் அறையின் நோய் பெட்டிக்கும் வந்துவிடும்.

இரண்டு பெட்டிக்கும் சேர்த்துச் சுமார் 7 சதுர அடி பலகை. முழு பிளைவுட் ஷீட் 8-க்கு 4, அதாவது 32 சதுர அடி. இதற்காக முழு ஷீட் வாங்க வேண்டியதில்லை. அலமாரி வேலை நடக்கும் எந்த வீட்டிலும் இதைவிடப் பெரிய துண்டுகள் மிஞ்சும். கமர்ஷியல் பிளையில் உள்ளே பொந்து இருக்கலாம், அது ஒரு சுரத்தில் மட்டும் படபடக்கும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் பிளையில் அந்த ஆபத்து குறைவு. எம்.டி.எஃப். அறுக்க நன்றாக இருக்கும், மழைக்கால ஈரத்தில் ஓரம் உப்பும், தூள் மூச்சுக்கு ஆகாது. சித்தையா ரோட்டுப் பக்கம் போனால் எந்த ரகமும் கிடைக்கும். மில்லில் மெஷினில் அறுத்து வாங்குங்கள். மூலை சதுரமாக இல்லாவிட்டால் எந்தப் பசையாலும் காப்பாற்ற முடியாது.

எனக்குப் பெட்டியை அடித்துக் கொடுத்தவர் ஜீவனஹள்ளியில் இருக்கும் ஓர் ஆசாரி. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். கன்டோன்மென்ட் தமிழ். வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "சும்மா பொட்டிதானே சார், இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பாயின்ட்டு கணக்கு?" என்றார்.

"உள்ளே இருக்கற காத்து எங்கேயும் ஒழுகக் கூடாதுண்ணா. அந்தக் குழாய் வழியா மட்டும்தான் போய் வரணும்."

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். "அத்த மொதல்ல சொல்றதில்லியா," என்றவர், ஸ்க்ரூவை எடுத்து வைத்துவிட்டு கிளாம்ப்பைத் தேடப் போனார். அதன் பிறகு எனக்கு வேலையே இல்லை. ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவி, இறுக்கி, பிதுங்கி வந்த பசையை உள்பக்க மூலை நெடுக விரலால் இழுத்துவிட்டார். ஒவ்வொரு இணைப்பையும் விளக்கு வைத்துப் பார்த்தார்.

ஓர் இடத்தில் மட்டும் அவருக்குச் சமாதானமே ஆகவில்லை. ட்ரைவர் உட்காரும் வட்டத் துளையின் பின்பக்க ஓரத்தை உளியால் சரிவாகச் செதுக்கச் சொன்னேன். "நல்ல பலகைய ஏன் சார் கெடுக்கணும்?" துளையின் விட்டம் 10 சென்டிமீட்டர், பலகை கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர் கனம். செதுக்காமல் விட்டால், ட்ரைவரின் பின்பக்கம் குட்டையான சுரங்கம் மாதிரி ஆகிவிடும். கூம்பின் பின்னொலி அதற்குள் அடைபட்டு, மெல்லிய காகிதக் கூம்பு வழியாகவே முன்னால் வந்து குரலை மூக்கால் பேச வைக்கும். ஸ்க்ரூ பிடிக்கும் நாலு இடங்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற ஓரங்களைச் சாய்த்தால் போதும். செய்து முடித்து உப்புத்தாள் போட்டவர் துளைக்குள் கையை விட்டுப் பார்த்து, "காத்துக்கு வழி உட்டாச்சு," என்றார்.

ட்ரைவரை முன்பலகையின் சரிபாதியில் வைக்காமல் ஒன்றரை சென்டிமீட்டர் ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கிறேன். இரண்டு விளிம்பும் சம தூரத்தில் இருந்தால் இரண்டிலும் சிதறும் ஒலி ஒரே இடத்தில் சேர்ந்து அடிக்கும். இடது பெட்டியும் வலது பெட்டியும் கண்ணாடி பிம்பம் மாதிரி வரும். விளிம்புகளை உருட்டிவிட்டால் இன்னும் நல்லது. உள்ளே பின்பலகையிலும் பக்கப் பலகைகளிலும் தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சை மெலிதாக ஒட்டினேன். திணிக்கக் கூடாது. குழாயின் வாயருகே பஞ்சு வரவே கூடாது.

ஒரு காயில், ஒரு ரெசிஸ்டர்

கிராஸ்ஓவர் இல்லை என்று மார்தட்டிவிட்டு இதைச் சொல்வது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 20 சென்டிமீட்டர் அகலப் பலகை, சுமார் 575 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியை முன்பக்கம் திருப்பி விடும். அதற்குக் கீழே அலை நீளமாகி, பலகையைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும். திறந்த வெளியில் இதனால் கீழ்ப்பகுதி 6 டெசிபெல் வரை இளைக்கும். குரலுக்கு உடம்பில்லை, மூக்கும் தொண்டையும் மட்டும் இருக்கிறது என்று தோன்றினால் காரணம் இதுதான்.

சுவர் பக்கத்தில் இருப்பதால் பின்னால் போனதில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. எனவே 6 டெசிபெல் முழுவதையும் ஈடுகட்ட வேண்டியதில்லை, 3 போதும். 8 ஓம் ட்ரைவருக்கு, சுமார் 1 மில்லிஹென்றி காயிலையும் 3.3 ஓம் 10 வாட் ரெசிஸ்டரையும் பக்கம் பக்கமாக இணைத்து, பாசிட்டிவ் ஒயரின் நடுவில் போட்டால் வேலை முடிந்தது. எஸ்.பி. ரோட்டில் இரண்டும் கிடைக்கும். காயில் மட்டும் காற்றுச் சுற்றாக, தடித்த கம்பியாகப் பார்த்து வாங்குங்கள்.

சுருதி பார்ப்பது

பெட்டி தயாரானதும் பாட்டுப் போடத்தான் கை பரபரக்கும். முதலில் போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றை இறக்கி, ஒலியைக் குறைவாக வைத்து, 120 ஹெர்ட்ஸிலிருந்து மெல்லக் கீழே வாருங்கள். கூம்பின் மேல் விரல்நுனியை லேசாக வையுங்கள். இறங்க இறங்க அதிர்வு கூடும். ஓரிடத்தில் கூம்பு ஏறக்குறைய நின்றே போகும், சத்தம் மட்டும் நிற்காது. ஒரு ஊதுபத்தியைக் குழாயின் வாயருகே கொண்டுபோனால் புகை உள்ளேயும் வெளியேயும் அலைவது தெரியும். அந்த இடத்தில் பாடுவது குழாய்தான், கூம்பு ஓய்வெடுக்கிறது. அதுவே பெட்டியின் சுருதி. 76-ஐ விடக் கீழே நின்றால் பைப்பைக் கொஞ்சம் அறுக்க வேண்டும்.

இன்னும் கீழே, 50-க்குப் போனால் கூம்பு பிடிமானம் இல்லாமல் பெரிதாக ஆடுவதையும் பார்க்கலாம். சுருதிக்குக் கீழே பெட்டியின் காற்று கூம்பைத் தாங்காது. அதனால்தான் இந்த வகைப் பெட்டியில் இன்றைய படங்களின் அதிரடிப் பின்னணி இசையை உரக்க வைக்கக் கூடாது.

ஆம்ப்ளிஃபயர் பெரிதாக வேண்டாம். ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் தரும் ட்ரைவருக்கு 8 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் 99 டெசிபெல். இந்த அறைக்கு அதுவே அதிகம். ஒற்றை இ.எல். 84 வால்வு தரும் சுமார் 5 வாட்டே தாராளம். ஒரு காலத்தில் இதே ஊரில், ஜாலஹள்ளி பி.இ.எல். தொழிற்சாலையில் வால்வுகள் செய்தார்கள். பழைய சாமான் கடைகளில் அந்தப் பெயர் போட்ட வால்வு இப்போதும் அவ்வப்போது தலைகாட்டும்.

கேட்க எப்படி இருக்கிறது? தம்புராவும் குரலும் வயலினும் மட்டும் உள்ள பழைய கச்சேரிப் பதிவுகளில், பாடகர் மூச்சை இழுத்துப் பல்லவிக்குத் திரும்பும் இடம் துல்லியமாக வருகிறது. மிருதங்கத்தின் வலந்தலையும் தொப்பியும் ஒரே வாத்தியத்தின் இரண்டு பக்கம் என்று தெரிகிறது. தொப்பியின் கும்காரம் கொஞ்சம் சிறுத்துத்தான் இருக்கிறது. முழு ஆர்க்கெஸ்ட்ராவை உரக்க வைத்தால் எல்லோரும் ஒரே வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு வருகிறார்கள். ஒலியைக் குறைத்தால் மறுபடி வரிசையில் நிற்கிறார்கள்.

வீடு மாறினால்?

அறைக்கு அளவெடுத்துச் செய்தால் அறை மாறும்போது என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. பெங்களூரில் வாடகைக்கு இருக்கிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியதும்கூட. அதற்காகவே இரண்டு விஷயங்களை நிரந்தரமாக ஒட்டாமல் விட்டிருக்கிறேன். ஒன்று குழாய். துளைக்குள் இறுக்கமாகச் செருகியிருக்கிறது, கையால் திருகி இழுத்தால் வந்துவிடும். 6 சென்டிமீட்டர் பைப்புக்குப் பதிலாக 10 சென்டிமீட்டர் பைப்பைச் செருகினால் சுருதி 64 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். பெரிய கூடத்துக்கு அது பொருந்தும். அங்கே அறையின் கும்மல் இன்னும் கீழே போயிருக்கும்.

இன்னொன்று காயிலும் ரெசிஸ்டரும். பெட்டிக்குள் அடைக்காமல் பின்பலகையில் வெளியே ஒரு டெர்மினலில் மாட்டியிருக்கிறது. சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டி வந்தால் 3.3-க்குப் பதில் 5.6 ஓம், அதற்கேற்பக் கொஞ்சம் பெரிய காயில். மூலையில்தான் இடம் என்றால் இரண்டையும் கழற்றிவிடலாம். பலகையைத் தொட வேண்டியதே இல்லை. வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுகிறார்கள். மரைன் பிளைக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது.